சுவர் விழுந்த பிறகு – 17: அச்சேறாத தீர்ப்பு

2015 டிசம்பர் 2. போலந்து நாடாளுமன்றத்தின் கீழவையான செய்ம், அரசியலமைப்புத் தீர்ப்பாயத்துக்கு ஐந்து நீதிபதிகளை அன்றிரவு தேர்ந்தெடுத்தது. நள்ளிரவு கடந்ததும் அவர்களில் நான்கு பேர் வார்சாவின் அதிபர் மாளிகையில், அதிபர் ஆன்ஜெய் டூடாவின் முன்னிலையில் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார்கள். விடிந்தால் வழக்கு. அந்த ஐந்து இடங்களுக்கு முந்தைய நாடாளுமன்றம் ஏற்கெனவே ஆட்களைத் தேர்ந்தெடுத்திருந்தது. அந்தத் தேர்வு செல்லுமா என்று அதே தீர்ப்பாயம் டிசம்பர் 3 அன்று சொல்லவிருந்தது. தீர்ப்பு வருவதற்குள் நாற்காலிகள் நிரம்பிவிட வேண்டும் என்பதற்காகவே அந்த நள்ளிரவு அவசரம்.

சென்ற அத்தியாயத்தில் ஹங்கேரியைப் பார்த்தோம். அங்கே பிரதமர் விக்டர் ஓர்பானிடம் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை இருந்தது. புதிய அரசியலமைப்பையே எழுதிக்கொண்டார். நீதிபதிகளின் ஓய்வு வயதை 70-லிருந்து 62-க்கு இறக்கி, மூத்தவர்களை ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பினார். போலந்தின் சட்டமும் நீதியும் கட்சித் தலைவர் யாரோஸ்வாஃப் கச்சின்ஸ்கிக்கு அந்தப் பலம் வாய்க்கவில்லை. அரசியலமைப்பில் ஒரு சொல்லைக்கூட மாற்றும் அளவுக்கு அவர் கட்சியிடம் ஆள் இல்லை. ஆனாலும் எட்டு ஆண்டுகளில் அந்நாட்டின் நீதித்துறை உருத்தெரியாமல் மாறியது. ஒரு பிரமாணத்தை நடத்தி வைக்காமல் இருப்பது, ஒரு தீர்ப்பை அரசிதழில் அச்சிடாமல் இருப்பது என்று வெறும் அலுவலகச் சடங்குகளாக நாம் நினைக்கும் காரியங்களின் வழியாகவே அது நடந்தது.

வட்டமேசையில் கிடைத்தது

பொதுவுடைமை ஆட்சிக்காலத்தில் போலந்தின் நீதிமன்றங்களுக்குச் சட்டப் புத்தகமும் இருந்தது, கட்சி அலுவலகத்தின் விருப்பமும் இருந்தது. இரண்டும் மோதும்போது எது வெல்லும் என்று எல்லாருக்கும் தெரியும். ராணுவச் சட்டம் நடப்பிலிருந்த 1982-ல், அரசியலமைப்புத் தீர்ப்பாயம் ஒன்றை அமைக்க அந்த ஆட்சியே இசைந்தது. 1986-ல் அது செயல்படத் தொடங்கியது. ஆனால் அதன் தீர்ப்பு பிடிக்காவிட்டால் செய்ம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் அதைத் தள்ளிவிடலாம் என்றொரு கதவையும் திறந்தே வைத்திருந்தார்கள்.

1989 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஆட்சியாளர்களும் சாலிடாரிட்டி இயக்கத்தினரும் வட்டமேசையில் அமர்ந்து பேசினார்கள். நீதித்துறையைக் கட்சியின் பிடியிலிருந்து விடுவிப்பதும் அங்கே பேசப்பட்டது. அதன் விளைவாக அந்த ஆண்டின் இறுதியிலேயே தேசிய நீதித்துறைக் குழு பிறந்தது. நீதிபதி பதவிக்கு உரியவர்களை ஆய்ந்து அதிபருக்குப் பரிந்துரைப்பது அதன் வேலை. 25 உறுப்பினர்களில் 15 பேர் நீதிபதிகள்; அவர்களை நீதிபதிகளே தேர்ந்தெடுத்தார்கள்.

1997-ல் புதிய அரசியலமைப்பு வந்தது. தீர்ப்பாயத்துக்கு 15 நீதிபதிகள், ஒவ்வொருவருக்கும் ஒன்பது ஆண்டுப் பதவிக்காலம், மறுமுறை வாய்ப்பில்லை. அதன் தீர்ப்பே இறுதியானது. உடனடியாக அரசிதழில் வெளியிடப்பட வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் முதல் தலைவருக்கு ஆறு ஆண்டுப் பதவிக்காலம் என்றும் அது எழுதிவைத்தது. 2004 மே 1 அன்று போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது, பழைய கிழக்கு முகாமிலிருந்து வந்த நாடுகளில் தேறிய மாணவன் என்ற பெயர் அதற்கு இருந்தது.

ஆனால் மனக்குறைகள் தீரவில்லை. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. ராணுவச் சட்டக் காலத்தில் எதிர்ப்பாளர்களைத் தண்டித்த நீதிபதிகள் சிலர் புதிய குடியரசிலும் பதவியில் தொடர்ந்தார்கள். நீதித்துறை தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் என்று 1989-ல் வைத்த நம்பிக்கை முழுமையாக நிறைவேறவில்லை. இந்த வருத்தத்துக்குக் காரணம் இருந்தது. அதைத்தான் கச்சின்ஸ்கி தன் அரசியலுக்கு எரிபொருளாக்கினார். அவருக்குச் சொந்தக் கணக்கும் ஒன்று இருந்தது. 2005 முதல் 2007 வரை அவர் கட்சி ஆண்டபோது, பழைய உளவுத்துறைக்குத் துணைபோனவர்களைக் கண்டறியக் கொண்டுவந்த சட்டத்தின் முக்கியப் பகுதிகளை 2007 மே மாதம் தீர்ப்பாயம் ரத்து செய்தது. அடுத்த முறை ஆட்சிக்கு வந்தால் முதலில் கைவைக்க வேண்டிய இடம் எது என்பதை அவர் அன்றே முடிவு செய்துவிட்டார் என்றுதான், பின்னால் நடந்ததைப் பார்க்கையில் எண்ணத் தோன்றுகிறது.

இரண்டு கூடுதல் நாற்காலிகள்

2015 அக்டோபர் 25 தேர்தலில் தகுதியுள்ள வாக்காளர்களில் ஏறத்தாழ பாதிப் பேர்தான் வாக்களித்தார்கள். பதிவான வாக்குகளில் 37.6 சதவீதம் சட்டமும் நீதியும் கட்சிக்குக் கிடைத்தது. இடதுசாரிக் கூட்டணி 8 சதவீத வரம்பைத் தொட முடியாமல் வெளியே நின்றது. வேறு சில சிறு கட்சிகளின் வாக்குகளும் வீணாயின. அதனால் 460 இடங்களில் 235 அந்தக் கட்சியின் கைக்கு வந்தது. 1989-க்குப் பிறகு தனிப்பெரும்பான்மையோடு ஆட்சிக்கு வந்த முதல் கட்சி அதுதான்.

இங்கே ஒரு உண்மையை மறைக்காமல் எழுத வேண்டும். முதல் தவறு கச்சின்ஸ்கியுடையது அல்ல. தோற்கப்போவதை உணர்ந்திருந்த குடிமைத் தளம் கட்சியின் அரசு, 2015 ஜூனில் தீர்ப்பாயச் சட்டத்தை மாற்றி, அக்டோபர் 8 அன்று ஐந்து நீதிபதிகளைத் தேர்ந்தெடுத்தது. மூன்று இடங்கள் நவம்பர் 6-ல் காலியாகின்றன; பழைய செய்மின் காலத்துக்குள் வருவதால் அவற்றை நிரப்ப அதற்கு உரிமை உண்டு. மற்ற இரண்டு இடங்கள் டிசம்பரில்தான் காலியாகின்றன. புதிய செய்ம் நிரப்ப வேண்டிய அந்த இரண்டையும் சேர்த்து நிரப்பினார்கள். தன் காலம் முடிந்த பின்னும் தீர்ப்பாயத்தில் தன் கை இருக்க வேண்டும் என்ற ஆசையே காரணம்.

எதிராளிக்கு அந்தச் சின்னத் திறப்பு போதுமானதாக இருந்தது. டூடா ஐந்து பேரில் ஒருவருக்கும் பிரமாணம் செய்துவைக்கவில்லை. நவம்பர் 25 அன்று புதிய செய்ம், ஐந்து தேர்வுகளும் செல்லாது என்று தீர்மானம் போட்டது. டிசம்பர் 2 இரவு தன் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தது. மறுநாள் தீர்ப்பாயம் நடுநிலை தவறாமல் தீர்ப்புச் சொன்னது: அக்டோபரில் தேர்வானவர்களில் மூன்று பேர் முறையானவர்கள், அவர்களுக்கு அதிபர் பிரமாணம் செய்துவைக்க வேண்டும், இரண்டு பேரின் தேர்வு செல்லாது. டூடா அந்த மூன்று பேரை அழைக்கவே இல்லை. அந்த மூன்று நாற்காலிகளுக்கு நள்ளிரவில் பிரமாணம் எடுத்தவர்கள் காத்திருந்தார்கள்.

அரசிதழில் வராத தீர்ப்பு

தீர்ப்பாயத்தின் தலைவர் ஆன்ஜெய் ஜெப்லின்ஸ்கி, அந்த மூன்று நாற்காலிகளுக்கு நள்ளிரவில் பிரமாணம் எடுத்த மூவரையும் அமர்வில் சேர்க்க மறுத்தார். அவரிடம் அப்போது முறையான நீதிபதிகள் 12 பேர். டிசம்பர் 22 அன்று செய்ம் அவசரமாக ஒரு சட்டம் நிறைவேற்றியது: முக்கிய வழக்குகளை இனி குறைந்தது 13 நீதிபதிகள் விசாரிக்க வேண்டும், மூன்றில் இரண்டு பங்கினர் ஒத்துக்கொண்டால்தான் தீர்ப்பு, வழக்குகளை வந்த வரிசைப்படியே எடுக்க வேண்டும். 12 பேர் இருக்கும் இடத்தில் 13 பேர் கேட்பதன் நோக்கம் எவருக்கும் புரியும். நள்ளிரவு நீதிபதிகளை ஏற்றுக்கொண்டால்தான் தீர்ப்பாயம் இயங்க முடியும். ஏற்காவிட்டால், இந்தச் சட்டத்தையேகூட அதனால் விசாரிக்க முடியாது.

தீர்ப்பாயம் அந்தப் பூட்டுக்குள் சிக்க மறுத்தது. அரசியலமைப்பின் நேரடி அதிகாரத்தில் 12 பேர் அமர்ந்து, 2016 மார்ச் 9 அன்று அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள். இருவர் மாறுபட்டார்கள்.

பிரதமர் பியாட்டா ஷித்வோவின் அரசு அந்தத் தீர்ப்பை அரசிதழில் அச்சிட மறுத்தது. இது தீர்ப்பே அல்ல, சில நீதிபதிகளின் கருத்து என்றது. ராசெம் என்ற சிறிய இடதுசாரிக் கட்சியின் தொண்டர்கள் பிரதமர் அலுவலகத்துக்கு எதிரே முகாமிட்டு, தீர்ப்பின் வாசகங்களை அந்தக் கட்டடத்தின் சுவரிலேயே ஒளிவீச்சால் படரவிட்டார்கள். அரசு அச்சிட மறுத்ததை மக்கள் தெருவில் வெளியிட்டார்கள். ஏப்ரலில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் பேரவை கூடி, அச்சிடப்படாவிட்டாலும் தீர்ப்பு தீர்ப்புதான் என்று தீர்மானித்தது. சில நகர மன்றங்களும் அவ்வாறே முடிவெடுத்தன. ஒரே நாட்டில், எது சட்டம் என்பதற்கு இரண்டு விடைகள் உருவாயின.

நீதிமன்றத்துக்கு என்று படை இல்லை, கருவூலம் இல்லை, அச்சகம்கூட இல்லை. அதன் சொல்லை மற்றவர்கள் ஏற்று நடத்துவதில்தான் அதன் பலம் அனைத்தும் இருக்கிறது. இரண்டு நூற்றாண்டு அரசியல் சிந்தனை சொல்லித்தந்த இந்த உண்மையை வார்சாவில் நிறுத்திவைக்கப்பட்ட ஓர் அச்சு ஆணை மெய்ப்பித்துக் காட்டியது. தீர்ப்பு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2018 ஜூனில், சட்டத்தை மீறி வழங்கப்பட்டது என்ற குறிப்போடு அச்சேறியது. அதற்குள் அதற்கு வேலையே இல்லாமல் போயிருந்தது. 2016 டிசம்பரில் ஜெப்லின்ஸ்கியின் பதவிக்காலம் முடிந்தது. இரண்டே நாளில், மார்ச் தீர்ப்பில் மாறுபட்ட இருவரில் ஒருவரான யூலியா ப்ஷிவெம்ப்ஸ்கா தலைவரானார். நள்ளிரவு நீதிபதிகள் மூவரும் அமர்வுக்குள் வந்தார்கள்.

இதை வழக்கறிஞர்களின் சண்டை என்று நினைத்தவர்களுக்கு 2020 அக்டோபர் 22 பதில் சொன்னது. கருவில் மீட்க முடியாத கடுமையான குறைபாடு இருந்தால் கருக்கலைப்புக்கு அனுமதித்த பிரிவை அன்று இந்தத் தீர்ப்பாயம் ரத்து செய்தது. நாட்டில் சட்டப்படி நடந்த கருக்கலைப்புகளில் 90 சதவீதத்துக்கு மேல் அந்தப் பிரிவின் கீழ் நடந்தவை. பனியிலும் தொற்றுநோயிலும் லட்சக்கணக்கான பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். ஐந்தாண்டுக்கு முன் ஒரு நள்ளிரவில் யார் பிரமாணம் எடுத்தார்கள் என்பது, மகப்பேறு மருத்துவமனையின் கட்டில் வரை வந்து சேர்ந்தது.

நீதிபதிகளை யார் தேர்ந்தெடுப்பது?

2017 ஜூலையில் நீதித்துறையை மாற்றியமைக்கும் மூன்று மசோதாக்கள் வந்தன. மாலைதோறும் உச்ச நீதிமன்றத்தின் முன் மக்கள் மெழுகுவர்த்தி ஏந்திக் கூடினார்கள். சிறு நகரங்களிலும் கூடினார்கள். டூடா இரண்டை மறுத்துத் திருப்பியனுப்பினார்; மூன்றாவதில் கையெழுத்திட்டார். அந்த மூன்றாவது சட்டம், நீதிமன்றத் தலைவர்களைக் காரணம் காட்டாமல் நீக்கும் அதிகாரத்தை ஆறு மாதத்துக்கு நீதித்துறை அமைச்சர் ஸ்பிக்னியேவ் ஜியோப்ரோவுக்குத் தந்தது. தலைவர்களும் துணைத் தலைவர்களுமாகச் சுமார் 150 பேரை அவர் நீக்கினார். 2016 முதல் தலைமை அரசு வழக்கறிஞர் பதவியும் அவரிடமே இருந்தது. குற்றம் சாட்டும் துறைக்குத் தலைவரே, அந்தக் குற்றச்சாட்டை விசாரிக்கும் நீதிமன்றத்துக்கும் தலைவரை நியமித்தார்.

திருப்பியனுப்பிய இரண்டும் அதிபரின் சொந்த மசோதாக்களாகத் திரும்பி வந்து டிசம்பரில் சட்டமாயின. தேசிய நீதித்துறைக் குழுவின் 15 நீதிபதி உறுப்பினர்களை இனி நீதிபதிகள் தேர்ந்தெடுக்க மாட்டார்கள், செய்ம் தேர்ந்தெடுக்கும். இருந்தவர்களின் பதவிக்காலம் பாதியில் வெட்டப்பட்டது. 2018 மார்ச்சில் புதியவர்கள் வந்தார்கள். அன்று முதல் போலந்தில் நியமனம் பெற்ற, பதவி உயர்வு பெற்ற ஒவ்வொரு நீதிபதியும் இந்தக் குழுவின் வாசல் வழியே வந்தவர்தான்.

உச்ச நீதிமன்றத்தில் ஓய்வு வயதை 70-லிருந்து 65-க்கு இறக்கினார்கள். 72 நீதிபதிகளில் 27 பேர் வெளியேற வேண்டும். முதல் தலைவர் மவ்கோஷாட்டா கெர்ஸ்டார்ஃபும் அவர்களில் ஒருவர். அரசியலமைப்பு எனக்கு ஆறு ஆண்டு கொடுத்திருக்கிறது, அது 2020 ஏப்ரல் வரை என்று சொல்லி, 2018 ஜூலை 4 காலை அவர் வழக்கம்போல் அலுவலகத்துக்கு வந்தார். வாசலில் கூடியிருந்தவர்கள் அவரை வரவேற்று உள்ளே அனுப்பினார்கள். போலந்தின் அரசியலமைப்பில் எழுதப்பட்ட ஒரு வாக்கியத்தை அன்று ஒரு பெண்மணி நேரில் நடந்து வந்து நிறைவேற்றினார்.

லக்சம்பர்க் சொன்ன தீர்ப்பு

2017 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம் ஒன்றிய ஒப்பந்தத்தின் 7-ஆம் பிரிவைப் போலந்துக்கு எதிராக எடுத்தது. வாக்குரிமையைப் பறிப்பது வரை போகக்கூடிய பிரிவு அது. ஆனால் அதற்கு மற்ற நாடுகள் அனைத்தும் ஒருமனதாக ஒத்துக்கொள்ள வேண்டும். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று ஓர்பான் அறிவித்துவிட்டார். ஓர்பானும் கச்சின்ஸ்கியும் ஒருவருக்கொருவர் அரணாக நின்றார்கள்.

வழி வேறு இடத்திலிருந்து திறந்தது. போர்ச்சுகலில் சிக்கன நடவடிக்கையால் சம்பளம் வெட்டப்பட்ட நீதிபதிகள் தொடுத்த ஒரு வழக்கில், 2018 பிப்ரவரி 27 அன்று லக்சம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போர்ச்சுகல் நீதிபதிகள் தோற்றார்கள். ஆனால் அந்தத் தீர்ப்பில் ஒரு கோட்பாடு இருந்தது: ஒன்றியச் சட்டத்தை நடைமுறைப்படுத்தக்கூடிய ஒவ்வொரு தேசிய நீதிமன்றமும் சுதந்திரமானதாக இருக்க வேண்டும், அதைக் கண்காணிப்பது எங்கள் பொறுப்பு. அந்தக் கோட்பாட்டின் பேரில், உச்ச நீதிமன்றத்தின் ஓய்வு வயதுச் சட்டத்தை நிறுத்திவைக்கும் இடைக்கால உத்தரவு 2018 அக்டோபரில் வந்தது. போலந்து அரசு பின்வாங்கியது. கெர்ஸ்டார்ஃபும் மற்றவர்களும் பதவிக்குத் திரும்பினார்கள். 2019 ஜூன் 24 இறுதித் தீர்ப்பு, ஓய்வு வயதுச் சட்டம் ஒன்றியச் சட்டத்துக்கு முரணானது என்றது.

ஸ்ட்ராஸ்பர்க்கின் மனித உரிமை நீதிமன்றமும் பேசியது. காட்டு விலங்குகள் அழித்த புல்தரைக்கு இழப்பீடு கேட்ட ஒரு நிறுவனத்தின் வழக்கில், 2021 மே 7 அன்று, நள்ளிரவு நீதிபதிகளில் ஒருவர் அமர்ந்திருந்த தீர்ப்பாய அமர்வு சட்டப்படி அமைந்த நீதிமன்றமே அல்ல என்று அது தீர்ப்பளித்தது.

வாய்ப்பூட்டு

புதிய உச்ச நீதிமன்றச் சட்டம் ஒழுங்கு நடவடிக்கை அமர்வு என்ற புதிய பிரிவை உருவாக்கியிருந்தது. அதன் நீதிபதிகளுக்கு மற்றவர்களைவிட 40 சதவீதம் கூடுதல் சம்பளம். நீதிபதிகளைத் தண்டிப்பது அதன் வேலை.

ஓல்ஸ்டின் நகரின் நீதிபதி பாவெல் யுஷ்சிஷின் 2019 நவம்பரில் ஒரு மேல்முறையீட்டை விசாரித்தார். கீழே தீர்ப்பளித்தவர் புதிய குழு வழியே வந்தவர். அந்தக் குழுவின் உறுப்பினர்களை முன்மொழிந்து கையெழுத்திட்ட நீதிபதிகளின் பட்டியலைக் காட்டும்படி அவர் செய்ம் அலுவலகத்துக்கு உத்தரவிட்டார். அதற்காக 2020 பிப்ரவரியில் இடைநீக்கம் செய்யப்பட்டார். சம்பளத்தில் 40 சதவீதம் வெட்டப்பட்டது. வார்சாவின் இகோர் துலேயா, ஆளும் கட்சிக்குச் சங்கடம் தந்த ஒரு வழக்கில் பத்திரிகையாளர்களை நீதிமன்ற அறையில் அனுமதித்தார் என்பதற்காக 2020 நவம்பரில் இடைநீக்கம் செய்யப்பட்டார். ஒரு கேள்வி கேட்டதும், ஒரு கதவைத் திறந்து வைத்ததும்தான் இவர்கள் செய்த குற்றம்.

2019 டிசம்பரில் செய்ம் இன்னொரு சட்டம் நிறைவேற்றியது. சக நீதிபதி முறையாக நியமிக்கப்பட்டாரா என்று ஒரு நீதிபதி கேட்பதே தண்டனைக்குரியது என்றது அது. போலந்து மக்கள் அதை வாய்ப்பூட்டுச் சட்டம் என்றே அழைத்தார்கள். 2020 ஜனவரி 11 அன்று வார்சாவில் நீதிபதிகள் கறுப்பு அங்கி அணிந்து, கோஷமில்லாமல் நடந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட ஐரோப்பிய நாடுகளின் நீதிபதிகள் உடன் நடந்தார்கள். ஆயிரம் அங்கிகளின் பேரணி என்று வரலாறு அதைக் குறித்துக்கொண்டது.

ஒழுங்கு நடவடிக்கை அமர்வை நிறுத்தும்படி லக்சம்பர்க் இட்ட உத்தரவைப் போலந்து மீறியது. 2021 அக்டோபர் 7 அன்று ப்ஷிவெம்ப்ஸ்காவின் தீர்ப்பாயம், ஒன்றிய ஒப்பந்தத்தின் சில பிரிவுகளே போலந்து அரசியலமைப்புக்கு முரணானவை என்றது. அதே மாதம் 27-ஆம் நாள், லக்சம்பர்க்கின் உத்தரவை மீறியதற்காக நாளொன்றுக்கு 10 லட்சம் யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. மொத்தம் 50 கோடி யூரோவுக்கு மேல் பிடித்தம் ஆனது. கோவிட் மீட்பு நிதியும் முடங்கியது. நீதி பேசியபோது அசையாதவர்கள், பணம் நின்றபோது கொஞ்சம் அசைந்தார்கள். 2022 ஜூலையில் அந்த அமர்வு கலைக்கப்பட்டது; யுஷ்சிஷினும் துலேயாவும் அதே ஆண்டில் பணிக்குத் திரும்பினார்கள்.

திரும்பும் பாதை

2023 அக்டோபர் 15 அன்று 74.4 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். 1989-ன் வரலாற்றுத் தேர்தலில்கூட இத்தனை பேர் வரவில்லை. குடிமைத் தளம் கட்சியின் டொனால்ட் டஸ்க் தலைமையில் புதிய அரசு அமைந்தது. முன்னாள் மக்கள் உரிமை ஆணையர் ஆடம் போட்னார் நீதித்துறை அமைச்சரானார். முடக்கிய 13,700 கோடி யூரோ வரையிலான நிதிக்கு 2024 பிப்ரவரியில் ஒன்றியம் வழிவிட்டது. மே மாதம் 7-ஆம் பிரிவு நடவடிக்கையை முடித்துக்கொண்டது.

நீதிமன்றங்கள் அத்தனை எளிதில் குணமாகவில்லை. 2018-க்குப் பின் நியமனமோ உயர்வோ பெற்ற நீதிபதிகள் சுமார் 3,000 பேர். அவர்கள் கொடுத்த விவாகரத்துகள், பாகப்பிரிவினைகள், சிறைத்தண்டனைகள் எல்லாம் என்ன ஆவது? அனைவரையும் ஒரே சட்டத்தில் நீக்கினால், கச்சின்ஸ்கி செய்ததையே செய்ததாகாதா? ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்க்காமல் நீக்கக் கூடாது என்று ஐரோப்பாவின் அரசியலமைப்பு அறிஞர்களைக் கொண்ட வெனிஸ் ஆணையம் 2024-ல் எச்சரித்தது. சீர்திருத்தச் சட்டங்கள் டூடாவின் மேசையிலிருந்து தீர்ப்பாயத்துக்குப் போய் நின்றன. 2025 ஜூனில், சட்டமும் நீதியும் கட்சியின் ஆதரவு பெற்ற கரோல் நவ்ரோட்ஸ்கி 50.89 சதவீத வாக்கில் அதிபர் தேர்தலில் வென்றார். அந்த வழி மேலும் அடைபட்டது.

மனதை உறுத்தும் செய்தி இன்னொன்று உண்டு. 2024 மார்ச் முதல் டஸ்க்கின் அரசு, தீர்ப்பாயத்தின் தீர்ப்புகளை அரசிதழில் அச்சிடுவதை நிறுத்தியது. முறைகேடாக அமைந்த அமைப்பின் தீர்ப்பு தீர்ப்பாகாது என்பது அதன் வாதம். ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்புகள் அந்த வாதத்துக்குத் துணை நிற்கின்றன. 2016-ஐயும் 2024-ஐயும் ஒரே தட்டில் வைப்பது அநீதி. ஆனாலும் எது தீர்ப்பு, எது தீர்ப்பில்லை என்று பிரதமர் அலுவலகம் முடிவு செய்யும் பழக்கம் ஒரு முறை பிறந்துவிட்டால், அது நல்லவர்களிடமும் தங்கிவிடுகிறது. அடுத்து வருபவர் அதை முன்னுதாரணம் என்பார்.

போலந்தின் எட்டு ஆண்டுகள் நமக்குக் கற்றுத்தருவது இதுதான். நீதிமன்றத்தைக் கைப்பற்ற நினைப்பவர் தீர்ப்பை எதிர்த்துப் போரிட வேண்டியதில்லை. பிரமாணம், அரசிதழ், ஓய்வு வயது, பதவி உயர்வு ஆகிய நான்கும் கையில் இருந்தால் போதும். ஆகவே அரசியலமைப்பைக் காக்க விரும்பும் மக்கள் அதன் முகப்புரையை மட்டும் படித்தால் போதாது. நீதிபதியை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், யார் நீக்குகிறார்கள் என்ற சின்ன எழுத்துப் பிரிவுகளையும் படிக்க வேண்டும். தம் கட்சி ஆளும்போது அதில் ஒரு சலுகை எடுத்துக்கொண்டால், அன்றே கண்டிக்க வேண்டும். 2015 அக்டோபரில் அந்த இரண்டு கூடுதல் நாற்காலிகளை எதிர்த்துக் குடிமைத் தளம் கட்சியின் ஆதரவாளர்கள் உரக்கப் பேசியிருந்தால், நவம்பரில் கச்சின்ஸ்கியின் கையில் அந்தச் சாக்கு இருந்திருக்காது.

*அடுத்த அத்தியாயத்தில் ருமேனியா. 2017 ஜனவரி 31 இரவு புக்கரெஸ்ட் அமைச்சரவை பிறப்பித்த அவசர ஆணையும், அதைத் திரும்பப் பெறவைத்த மக்கள் திரளும்.*